நாற்பது வருஷம் திறக்காத பீப்பாய்: பழனி மலையில் பழைய மதுவின் கதை

இன்றைக்கு எபிசோடை ஒரு கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். உங்கள் வீட்டில் இருக்கிற சாப்பாட்டுப் பொருட்களிலேயே வயதானது எது? பாட்டி பரணில் வைத்த நாரத்தங்காய் ஊறுகாய் ஜாடியா? பழம்புளிப் பானையா? எப்படிப் பார்த்தாலும் அஞ்சு வருஷம், மிஞ்சிப்போனால் பத்து வருஷம். அதைத் தாண்டினால் யாராவது ஒருவர் எடுத்துக் கொட்டியிருப்பார்.

போர்ச்சுகல் நாட்டில் ஒரு மது இருக்கிறது. பெயர் டானி போர்ட். மரப் பீப்பாயில் 20 வருஷம், 30 வருஷம், 40 வருஷம் என்று கிடந்த பிறகுதான் பாட்டிலுக்கு வரும். அதன் கதையை எதற்குப் பழனி மலையில் வைத்துப் பேசணும் என்று கேட்பீர்கள். ஒரு மதுவை நாற்பது வருஷம் தொடாமல் வைத்திருப்பதற்குச் சுவையை விட முக்கியமான சில விஷயங்கள் தேவை. அந்த விஷயங்கள் நம்ம ஊரில் எப்போது இருந்தன, எப்போது இல்லாமல் போயின என்று பார்க்கக் கொடைக்கானலை விடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது குடிக்கச் சொல்லும் எபிசோடு இல்லை. தமிழ்நாட்டில் 21 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு மது விற்கக் கூடாது என்பது சட்டம். வரலாறு கேட்க வயது வரம்பு கிடையாது. வாங்க.

பீப்பாய்க்குள் என்ன நடக்கிறது?

போர்ச்சுகலின் வடக்கே டோரோ என்று ஒரு ஆற்றுப் பள்ளத்தாக்கு. இந்த எல்லைக்குள் விளைந்த திராட்சையில் செய்ததுதான் போர்ட் என்று 1756-லேயே எல்லை குறித்துவிட்டார்கள். இன்றைக்கு நாம் பேசுகிற புவிசார் குறியீட்டின் தாத்தாக்களில் ஒன்று அது.

திராட்சைச் சாறு புளிக்கும்போது ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக மாற்றும். போர்ட்டில் அந்த வேலையைப் பாதியில் நிறுத்துவார்கள். திராட்சையிலிருந்தே வடித்த சாராயத்தை ஊற்றினால் ஈஸ்ட் செத்துப்போகும். சர்க்கரையில் ஒரு பங்கு அப்படியே தங்கிவிடும். அதனால்தான் இனிப்பு. ஆல்கஹால் சுமார் 20 சதவீதம். சீக்கிரம் கெடாது.

அதற்குப் பிறகு இரண்டு வழி. ஒன்று, இரண்டு மூன்று வருஷத்தில் பாட்டிலில் அடைத்து, பாட்டிலுக்குள்ளேயே வயதாக விடுவது. அது விண்டேஜ் போர்ட். இன்னொன்று, மரப் பீப்பாயிலேயே விட்டுவிடுவது. அதுதான் டானி. மரத்தின் நுண்துளை வழியாகக் காற்று கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகும். கருஞ்சிவப்பு நிறம் செங்கல் நிறமாகி, கடைசியில் தேன் நிறத்துக்கு வரும். பழ வாசனை போய் வறுத்த பாதாம், உலர்ந்த அத்திப்பழம், காய்ச்சிய வெல்லம் மாதிரி ஒரு வாசனை வரும்.

காற்று உள்ளே போனால் மது வெளியே போகும், இல்லையா? ஆவியாகும். நான் சாஃப்ட்வேர்க்காரன், கணக்குப் போடாமல் இருக்க முடியாது. ஒரு பீப்பாய் 550 லிட்டர், வருஷத்துக்கு 2 சதவீதம் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்வோம். நாற்பதாவது வருஷம் மிச்சம் இருப்பது 245 லிட்டர்தான். பாதிக்கு மேல் காற்றோடு போய்விட்டது. பழைய டானி ஏன் விலை அதிகம் என்றால் இதுதான் முதல் பதில்.

இரண்டாவது பதில், நாற்பது வருஷமும் யாரும் அதை விற்காமல் இருந்திருக்க வேண்டும். 2010-ல் டெய்லர்ஸ் என்ற கம்பெனி 'சயான்' என்ற பெயரில் ஒரு போர்ட்டை வெளியிட்டது. கிட்டத்தட்ட 155 வருஷம் பழையது. டோரோவில் ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாகப் பீப்பாயிலேயே காப்பாற்றி வைத்திருந்தது. யோசித்துப் பாருங்கள். அந்த 155 வருஷத்தில் ஐரோப்பாத் திராட்சைத் தோட்டங்களை எல்லாம் பூச்சி அழித்தது, போர்ச்சுகலில் மன்னராட்சி போனது, இரண்டு உலகப்போர் வந்தது, சர்வாதிகாரம் வந்து போனது. அந்தக் குடும்பத்தில் கல்யாணச் செலவு வந்திருக்கும், கடன் வந்திருக்கும். யாரோ ஒருவர் ஒவ்வொரு தடவையும் 'இதை விட்டுடலாம்' என்று சொல்லியிருக்கிறார்.

ஆக, பழைய மதுவுக்கு மூன்று விஷயம் வேண்டும். ஒரு பாத்திரம். பொறுமை. அப்புறம், 'இது நாளைக்கும் நம்மகிட்டதான் இருக்கும்' என்ற நம்பிக்கை. இந்த மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு மலை ஏறுவோம்.

மூங்கிலும் மண்ணும்

பழனிக்குச் சங்க காலத்துப் பெயர் பொதினி. மயிலுக்குப் போர்வை கொடுத்தார் என்று பள்ளியில் படித்தோமே, வையாவிக் கோப்பெரும் பேகன், அவருடைய மலை. அடிவாரத்துத் திருவாவினன்குடி கோயில் திருமுருகாற்றுப்படையில் முருகனின் தலங்களில் ஒன்றாக வருகிறது.

அதே திருமுருகாற்றுப்படையில் 'குன்றுதோறாடல்' என்று ஒரு பகுதி. அதில் மலையில் வாழும் குறவர்கள் தங்கள் உறவுக் கூட்டத்தோடு சேர்ந்து ஒரு மது குடித்து ஆடுகிறார்கள். தேனில் செய்து, நீளமான மூங்கில் குழாய்க்குள் ஊற்றி, முற்ற விட்ட தேறல் அது. எந்த ஒரு மலையின் பெயரையும் அந்தப் பகுதி சொல்லவில்லை, எல்லாக் குன்றுக்கும் பொதுவாகத்தான் பேசுகிறது. ஆனால் மலைத்தேனும் மூங்கிலும் பழனி மலைக்குப் புதுசு கிடையாது. பாறை இடுக்கில் மலைத்தேன் எடுப்பதில் இன்றைக்கும் பளியர் பழங்குடியினர் பேர் பெற்றவர்கள்.

மரப் பீப்பாய்க்குப் பதில் மூங்கில். அவ்வளவுதான் வித்தியாசம். மரத்துக்குள் வைத்தால் மது மாறும் என்பது இங்கே இருந்தவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

கபிலர் பாரியின் பறம்பு மலையைப் பாடும்போது இன்னொரு முறை வருகிறது. மதுவை மண்ணுக்குள் புதைத்து முதிர வைப்பது. குடிசைக்குக் குடிசை அதைப் பகிர்ந்து கொடுக்கிறார்கள். ஔவையார் பாட்டில் நாள்பட்ட தேறலைத் தேள் கொட்டின கடுப்போடு ஒப்பிடுகிறார். 'நாட்படு தேறல்' என்ற பெயர் கேட்ட மாதிரி இருக்கிறதா? 2021-ல் வைரமுத்து தன் பாடல் தொகுப்புக்கு வைத்த பெயர் இதுதான். சொல் புறநானூற்றிலிருந்து வந்தது. 'ஏஜ்டு' என்று இன்றைக்கு மெனு கார்டில் போடுகிறார்களே, அதற்குத் தமிழில் ரெண்டாயிரம் வருஷமாக வார்த்தை இருக்கிறது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. டோரோவில் பழைய மது ஒரு வீட்டின் சொத்து. கபிலர் காட்டும் மலையில் அது ஊரின் சொத்து. புல் வேய்ந்த குடிசையில் இருப்பவனுக்கும் அதில் பங்கு இருந்தது.

இறக்குமதி மதுவும் அப்போதே வந்துவிட்டது. யவனர்கள் கொண்டுவந்த மணமான தேறலைப் பாண்டிய மன்னனுக்குப் பொற்கலத்தில் ஊற்றிக் கொடுத்ததைப் புறநானூறு சொல்கிறது. புதுச்சேரி பக்கத்தில் அரிக்கமேட்டில் 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது மத்தியதரைக் கடல் நாடுகளின் மது ஜாடிகள் உடைந்த துண்டுகளாகக் கிடைத்தன. ஆக, அன்றைக்கே இரண்டு வகை: ஊருக்கு மூங்கில் தேறல், அரசனுக்குக் கப்பல் மது. இந்தப் பிரிவு பிறகு மறையவே இல்லை.

கப்பலில் முதிர்ந்த மது

அடுத்து நேராக 18-ஆம் நூற்றாண்டுக்கு வருவோம். 1703-ல் இங்கிலாந்தும் போர்ச்சுகலும் ஒரு ஒப்பந்தம் போட்டன. மெத்துவன் ஒப்பந்தம் என்று பெயர். பிரெஞ்சு மதுவை விட போர்ச்சுகல் மதுவுக்கு மூன்றில் ஒரு பங்கு வரி குறைவு. பிரான்சோடு சண்டை, போர்ச்சுகலோடு நட்பு. ஆங்கிலேயர்கள் போர்ட் குடிக்கிற பழக்கம் நாக்கில் ஆரம்பிக்கவில்லை, வரிப் பட்டியலில் ஆரம்பித்தது.

ஆனால் சென்னை புனித ஜார்ஜ் கோட்டையில் பெரிதாக ஓடியது போர்ட்டின் சொந்தக்காரனான மடெய்ரா. போர்ச்சுகலுக்குச் சொந்தமான ஒரு தீவின் மது. இந்தியாவுக்கு வரும் கப்பல்கள் அங்கே நின்று பீப்பாய் ஏற்றிக்கொண்டு, ஆப்பிரிக்காவைச் சுற்றி, பூமத்திய ரேகையைத் தாண்டி, மாதக்கணக்கில் வெயிலில் ஆடி ஆடி வரும். மற்ற மது அந்தச் சூட்டில் கெட்டுப்போகும். மடெய்ரா இன்னும் நன்றாக ஆனது. அதைக் கண்டுபிடித்த வியாபாரிகள், இந்தியா வரைக்கும் போய்த் திரும்பி வந்த பீப்பாயைத் தனி விலைக்கு விற்றார்கள். நம்ம கடலின் வெயிலே ஒரு தயாரிப்பு முறை ஆகிவிட்டது. பிற்பாடு கப்பலே இல்லாமல், தீவிலேயே சூடாக்கி அந்தச் சுவையைக் கொண்டுவந்தார்கள்.

ஒரு மலை, இரண்டு கோப்பை

1821-ல் லெப்டினன்ட் வார்டு பழனி மலையை அளந்து வரைபடம் போட்டார். 1845-ல் கொடைக்கானலில் முதல் இரண்டு பங்களாக்கள் எழுந்தன: சன்னிசைடு, ஷெல்டன். இங்கே ஒரு ஆச்சரியம். ஊட்டி மாதிரி இதை ஆங்கிலேய அதிகாரிகள் ஆரம்பிக்கவில்லை. மதுரையில் வேலை செய்த அமெரிக்க மிஷனரிகள் ஆரம்பித்தார்கள். சமவெளியின் காய்ச்சலிலும் காலராவிலும் அடுத்தடுத்து ஆட்கள் இறந்த பிறகு, உயிர் பிழைக்க மலை ஏறினார்கள்.

19-ஆம் நூற்றாண்டு அமெரிக்கப் புராட்டஸ்டன்ட் சபைகளில் மது எதிர்ப்பு ஒரு பெரிய அலை. எந்த அளவுக்கு என்றால், 1869-ல் தாமஸ் வெல்ச் என்ற பல் மருத்துவர், திருவிருந்துக்கு என்றே புளிக்காத திராட்சைச் சாறு தயாரித்தார். அப்படிப்பட்ட உலகத்திலிருந்து வந்தவர்கள் போட்ட அஸ்திவாரம்தான் கொடைக்கானல்.

அதே மலையில் பிரெஞ்சு இயேசு சபைக் குருக்களும் வந்தார்கள். 1866-ல் லா சலேத் மாதா கோயில், 1895-ல் செண்பகனூரில் திரு இருதயக் கல்லூரி. கத்தோலிக்கத் திருப்பலிக்குப் புளித்த திராட்சை மது கட்டாயம். திராட்சையே விளையாத ஊர்களுக்கு அந்த மது கெடாமல் போய்ச் சேர வேண்டுமே? திராட்சையிலிருந்து வடித்த ஆல்கஹாலை ஒரு அளவு வரைக்கும் சேர்க்கலாம் என்று வாடிகன் அனுமதித்தது. போர்ட்டின் அதே சூத்திரம்தான். ஒரே மலை. ஒரு கோயிலில் மது பாவம், சில மைல் தள்ளி இன்னொரு கோயிலில் மது இல்லாமல் பூசை இல்லை.

அப்புறம் வந்தார்கள் அதிகாரிகள். மதுரைக் கலெக்டராக இருந்த வீர் லெவிஞ்ச் 1863-ல் ஏரியை உருவாக்கினார். 1887-ல் கொடைக்கானல் கிளப். அந்தக் காலத்து ஆங்கிலேய கிளப் மேசையில் சாப்பாட்டுக்குப் பிறகு போர்ட் சுற்றுவது ஒரு சடங்கு.

அந்த பாட்டில் எப்படி மேலே போனது? 1875-ல் ரயில் அம்மையநாயக்கனூர் வரைக்கும் வந்தது. இன்றைக்குக் கொடை ரோடு. அங்கிருந்து ராத்திரி முழுக்க மாட்டு வண்டி. பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து செங்குத்தான மலைப்பாதை. துரைமாரும் அம்மாமாரும் டோலியிலும் தூக்கு நாற்காலியிலும், சாமான் எல்லாம் கூலிகளின் தலையிலும் தோளிலும். அந்தப் பாதைக்குப் பெயரே 'கூலி காட்'. வண்டி போகிற லாஸ் காட் ரோடு முடிந்தது 1910-களின் நடுவில்தான். அதாவது 70 வருஷத்துக்கு, மலை உச்சியில் குடித்த ஒவ்வொரு சொட்டும் யாரோ ஒருவரின் கழுத்து எலும்பு வழியாகத்தான் ஏறியது. டோரோவில் 20 வருஷம் காத்திருந்தவர்களின் பெயர் லேபிளில் இருக்கிறது. கடைசி 7,000 அடி சுமந்தவர்களின் பெயர் எங்கேயும் இல்லை.

நாற்பது வருஷ அப்டைம்

இப்போது அந்த மூன்றாவது விஷயத்துக்கு வருகிறேன்: நாளைக்கும் இருக்கும் என்ற நம்பிக்கை.

1937-ல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு கொண்டுவந்தார். போன வருமானத்தை ஈடுகட்ட 1939-ல் பொது விற்பனை வரி போட்டார். இன்றைக்கு உங்கள் ஹோட்டல் பில்லில் இருக்கிற வரியின் வம்சம் அங்கே ஆரம்பிக்கிறது. 1948-ல் ஓமந்தூரார் ஆட்சியில் மாகாணம் முழுக்க மதுவிலக்கு. குடிக்க பெர்மிட் வேண்டும். 1971-ல் கலைஞர் ஆட்சியில் கடை திறந்தது. 1974-ல் மறுபடி மூடியது. 1981-ல் எம்.ஜி.ஆர் ஆட்சியில் திறந்தது. 1983-ல் டாஸ்மாக் கம்பெனி பிறந்தது. 1987-ல் கள்ளும் சாராயமும் தடை. கள்ளுக்கு இன்றைக்கு வரைக்கும் அதே நிலைதான். 2003-ல் சில்லறை விற்பனை முழுக்க அரசின் கைக்கு வந்தது.

இப்போது ஒரு சோதனை. 1948-ல் நீங்கள் கொடைக்கானலில் ஒரு பீப்பாயை மூடி வைக்கிறீர்கள். 40 வருஷ மதுவாக 1988-ல் திறக்க வேண்டும். இடையில் சட்டம் ஐந்து தடவை மாறியிருக்கும். முதல் 23 வருஷம் உங்கள் பீப்பாய் குற்றப் பொருள். சர்வர் ஐந்து தடவை ரீஸ்டார்ட் ஆகிறது, முதல் பாதியில் அதை ஓட்டினாலே ஜெயில். எந்தப் புத்திசாலியும் அங்கே டேட்டா வைக்க மாட்டான். தென்மேற்குத் தமிழ்நாட்டில் கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கத் திராட்சை விளைகிறது, மலைக்கு மேலே இயற்கையாகவே குளிர்ந்த அறை இருக்கிறது. ஆனாலும் பழனி மலையில் நாட்பட்ட தேறல் என்று ஒன்று ஏன் இல்லை என்பதற்கு மண்ணையும் வானிலையையும் குற்றம் சொல்ல முடியாது.

இதைச் சொல்லிவிட்டு, 'மதுவிலக்கு நம்ம கலாச்சாரத்தைக் கெடுத்துவிட்டது' என்று முடித்துவிட்டால் சுலபம். நான் அப்படி முடிக்க மாட்டேன். மதுவிலக்குக்குக் காரணம் இருந்தது. சனிக்கிழமைக் கூலி வீட்டுக்கு வராமல் சாராயக் கடையிலேயே முடிந்த குடும்பங்கள் கதை இல்லை, நிஜம். அந்தப் பெண்களிடம் போய் 'முப்பது வருஷ டானியில் அத்திப்பழ வாசனை வரும்' என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் நடந்தது என்ன? ஊர் பகிர்ந்து குடித்த தேறலும் போனது, பனைமரத்துக் கள்ளும் போனது. தொழிற்சாலையில் வேகமாகச் செய்து, வேகமாக விற்று, வேகமாகக் குடிக்கிற சரக்கு மட்டும் மிஞ்சியது. மெதுவான எதையும் அந்தக் கவுண்டரில் நின்று கேட்க முடியாது. குடி குறையவில்லை, குடியில் இருந்த காலம்தான் குறைந்தது.

சரி, வாங்குவது எப்படி?

நிறைய பேர் இதையும் கேட்பீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். இந்தியக் கடைகளில் 'போர்ட் ஒயின்' என்று கிடைக்கிற மலிவு பாட்டில் பெரும்பாலும் வெறும் இனிப்புச் சிவப்பு ஒயின். பீப்பாய் வயதுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. நிஜமான டானி போர்ச்சுகலிலிருந்து வரும். லேபிளில் 10, 20, 30, 40 என்று இருக்கும். 2022-லிருந்து 50-ம் உண்டு. இந்த எண் ஒரே வருஷத்து மது என்று அர்த்தம் இல்லை. பல வயது மதுக்களைக் கலந்து அந்த வயதின் குணத்துக்குக் கொண்டுவருவார்கள். ஒரே வருஷத்து அறுவடை மட்டும் வேண்டும் என்றால் 'கொல்யெய்ட்டா' என்று தேடுங்கள். லேபிளில் பாட்டிலில் அடைத்த வருஷமும் இருக்கும், அதை முக்கியமாகப் பாருங்கள். டானி பாட்டிலுக்குள் வந்த பிறகு மேலும் சிறப்பாக ஆகாது. வீட்டில் இன்னும் பத்து வருஷம் வைத்தால் நல்லா ஆகும் என்று பூட்டி வைப்பது வீண்.

குடிக்கும் பதம் 12 முதல் 16 டிகிரி. சென்னையில் ஃபிரிட்ஜ் வேண்டும். கொடைக்கானலில் சாயங்காலம் ஜன்னல் ஓரம் வைத்தால் போதும். போன வருஷம் ஒரு நண்பன் லிஸ்பனிலிருந்து கொண்டுவந்த 20 வருஷ டானியை ஆறு பேர் அப்படித்தான் பகிர்ந்துகொண்டோம். ஆளுக்கு ஒரு சின்ன டம்ளர், அவ்வளவுதான். கடலை மிட்டாய் பிரமாதமாகப் பொருந்தியது. திறந்த பாட்டிலை மூடி வைத்தால் சில வாரம் தாங்கும், ஒரே ராத்திரியில் முடிக்கிற கட்டாயம் இல்லை. மெதுவாகச் செய்த பொருள், குடிக்கிறவனையும் கொஞ்சம் மெதுவாக்குகிறது.

கடைசியாக ஒன்று. பழனி மலையில் காலத்தைச் சேமிக்கிற பழக்கம் முழுசாகச் செத்துப்போகவில்லை. மேல்மலைக் கிராமங்களில் மலைப்பூண்டைக் கட்டுக்கட்டாகக் கட்டிப் புகையில் தொங்கவிடுகிறார்கள். மாதக்கணக்கில் கெடாது, வாசனை ஏறும். 2019-ல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்கும், கீழே பழனிப் பஞ்சாமிர்தத்துக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. பஞ்சாமிர்தத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்காமல் வாழைப்பழத்தையும் சர்க்கரையையும் தேனையும் நெய்யையும் வைத்தே கெடாமல் காப்பாற்றுகிற அறிவு, மூங்கிலில் தேறல் முற்ற வைத்த அறிவுக்குத் தூரத்து உறவுதான்.

அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது பரண் மேலே ஏறிப் பாருங்கள். ஜாடி ஏதாவது இருந்தால், அது எந்த வருஷம் போட்டது, இத்தனை நாள் அதை எடுத்துக் கொட்டவிடாமல் தடுத்தது யார் என்று வீட்டில் கேளுங்கள். பதிலை வாய்ஸ் நோட்டாக அனுப்புங்கள். நல்ல கதைகளாகப் பொறுக்கி ஒரு எபிசோடாகவே போடுவோம்.